சிறிய நாடு பெரிய கூட்டில் சேர்ந்தால் கையில் என்ன வரும்?

உப்புவெளி டீச்சர்

எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் விவாதப் போட்டி. தலைப்பு: “வளர்முக நிலையிலுள்ள சிறிய நாடொன்று பிராந்தியக் கூட்டமைப்பில் சேர்வதால் நன்மையே அதிகம்.” பாடக்குறிப்பில் உள்ளதை எல்லோரும் ஒப்புவிப்பார்கள். சந்தை விரியும், முதலீடு வரும், நல்லுறவு வளரும். நடுவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கில் இலங்கை 1985 முதல் இருக்கிறதே, அதனால் திருகோணமலைக்கு வந்த ஒரு பொருளைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டேன். நீண்ட அமைதி. பின்வாங்கிலிருந்து ஒருவன் மட்டும், “முத்திரை வந்தது டீச்சர், அப்பப்பாவின் ஆல்பத்தில் இருக்கு” என்றான்.

இன்னொரு பக்கம் பார்த்தால், கிழக்குத் திமோர் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானுக்கு 2011இல் விண்ணப்பித்து, 2025 ஒக்டோபரில்தான் 11ஆவது உறுப்பினராகச் சேர்ந்தது. பதினான்கு வருடம் வாசலில் நிற்க வேண்டுமென்றால் உள்ளே ஏதோ இருக்கத்தானே வேண்டும்? நாங்களும் ஆசிய பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தமான ஆர்செப்பில் சேர 2023இல் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.

இந்தத் திருகோணமலைக் குழுவில் துறைமுகம், சுங்கம், கடை, கடல் என்று எல்லா இடத்து ஆட்களும் இருக்கிறீர்கள். புத்தகத்தில் இல்லாததைச் சொல்லுங்கள். இரண்டு அணிக்கும் வேண்டும்.

லிங்கநகர் பெடியன்

எதிரணிக்கு ஒரு வரி போதும் டீச்சர். சார்க்கின் கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க இருந்தது ரத்தானது. அதற்குப் பிறகு தலைவர்கள் ஒரு மேசையில் உட்காரவே இல்லை. இந்தியா, பாகிஸ்தான் என்ற இரண்டு பெரிய வீட்டுக்காரர் சண்டை பிடித்தால் ஒழுங்கையில் இருக்கிற எல்லோருக்கும் பாதை பூட்டு.

கொட்பே காற்று

சார்க்கை வைத்து எல்லாக் கூட்டையும் அளக்காதீர்கள். எனக்குத் தெரிந்த விஷயம் மீன். அதையே சொல்கிறேன்.

பசிபிக்கில் நவூரு என்றொரு நாடு. சனத்தொகை பன்னிரண்டாயிரம் அளவுதான் இருக்கும். எங்கள் கிண்ணியாவைவிட எத்தனையோ மடங்கு சின்னது. ஆனால் அதைச் சுற்றியுள்ள கடல் பெரியது, அதில் சூரை மீன், அதாவது டூனா, குவிந்து கிடக்கிறது. கிரிபாட்டி, துவாலு, மார்ஷல் தீவுகள், சொலமன் தீவுகள் எல்லாவற்றுக்கும் இதே நிலைமை. கடல் இருக்கிறது, கப்பல் இல்லை. யப்பான், தாய்வான், கொரியா, அமெரிக்கா என்று தூரத்துக் கப்பல்கள் வந்து ஒவ்வொரு தீவுடனும் தனித்தனியாகப் பேரம் பேசின. “நீ விலையைக் கூட்டினால் பக்கத்துத் தீவுக்குப் போகிறேன்” என்று சொன்னால் முடிந்தது. பிடித்த மீனின் மதிப்பில் மிகச் சிறிய துண்டுதான் தீவுக்காரருக்குக் கிடைத்தது.

1982இல் இவர்கள் நவூரு ஒப்பந்தம் என்று ஒன்றைச் செய்தார்கள். இப்போது எட்டு நாடுகள். 2007 முதல் புதிய முறை: எத்தனை தொன் பிடித்தாய் என்று கேட்பதில்லை, எத்தனை நாள் எங்கள் கடலில் தொழில் செய்தாய் என்று கேட்பது. மொத்தம் இத்தனை கப்பல் நாள்தான் என்று எட்டுப் பேரும் சேர்ந்து வரம்பு போட்டு, ஒரு நாளுக்குக் குறைந்தபட்ச விலையும் வைத்தார்கள். முதலில் 5,000 டொலர், பிறகு 8,000 டொலர். பக்கத்துத் தீவுக்கு ஓடினாலும் அதே விலை. 2010 அளவில் எட்டு நாட்டுக்கும் சேர்த்து வந்த வருமானம் சுமார் 60 மில்லியன் டொலர். அடுத்த பத்து வருடத்துக்குள் அது 500 மில்லியனை நெருங்கியது. மீன் கூடவில்லை, கடல் கூடவில்லை. பேரம் பேசுகிற ஆள் எட்டிலிருந்து ஒன்றாகக் குறைந்தார், அவ்வளவுதான்.

டீச்சர், ஆதரவு அணிக்கு இதைக் கொடுங்கள். சந்தை விரியும் என்ற கதையே வேண்டாம்.

லிங்கநகர் பெடியன்

அண்ணை, நல்ல கதை. ஆனால் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? நாங்கள் வெளிநாட்டுக் கப்பலுக்குக் கடலை வாடகைக்கு விடுவதில்லையே. எங்கள் பலநாள் படகுதான் வெளியே போகிறது.

கொட்பே காற்று

ஓம், அப்படியே பொருந்தாது. ஆனால் தனியாக நின்றால் என்ன நடக்கும் என்பதை 2015இல் நாங்கள் பார்த்தோம். முறைகேடான மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் மஞ்சள் அட்டை காட்டியது. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை வந்தது. 2016 நடுப்பகுதியில்தான் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் தரம் பிரிக்கிறவர் மீனின் வாலடியில் மெல்லிய குழாயைக் குத்தி, சதையை உருவி எடுத்து, நிறம் பார்த்து, “முதல் தரம்” என்று சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்குவார். முதல் தர மீனை வாங்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. உள்ளூர் விலைக்குத் தள்ளினோம்.

அங்கே 28 நாடுகள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தன. இங்கே ஒரு நாடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தது. படகுக்குச் செய்மதிக் கருவி பூட்டினோம், பதிவுப் புத்தகம் எழுதினோம், சட்டத்தைத் திருத்தினோம். அதெல்லாம் நல்லதுதான், செய்திருக்க வேண்டியதுதான். ஆனால் நிபந்தனையில் ஒரு எழுத்தை மாற்றிக் கேட்கும் பலம் எங்களிடம் இருக்கவில்லை.

இந்து சமுத்திர டூனா ஆணைக்குழுவில் நாங்களும் உறுப்பினர். அங்கே கரையோர நாடுகள் சேர்ந்து நின்றால் கதை வேறு. 2023 பெப்ரவரியில் மொம்பாசாவில் நடந்த கூட்டத்தில், மிதவை போட்டு மீனைக் கூட்டிப் பிடிக்கும் முறைக்கு வருடத்தில் 72 நாள் ஓய்வு என்று வாக்கெடுப்பில் வென்றார்கள். பிறகு ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபணை போட்டது. கரையோர நாடுகள் சிலவும் பின்வாங்கி ஆட்சேபணை போட்டன. பெரிய கப்பல்கள் வந்து போகும் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற நாடு என்ன செய்யும்? கூட்டு உடைகிற இடமும் இதுதான். எதிரணிக்கு இதை எழுதிக்கொள்ளுங்கள்.

கிண்ணியா நாநா

நான் படித்தவன் இல்லை, வெங்காயம் விற்கிறவன். கூட்டு, ஒப்பந்தம் எல்லாம் எனக்கு மூட்டையில்தான் தெரியும். சிவப்பு வலை மூட்டையைப் பிரித்து நடுவில் கையை விட்டால் ஈரமா, முளை விட்டதா என்று சொல்லிவிடுவேன்.

2023 ஓகஸ்டில் இந்தியா பெரிய வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டது. டிசம்பரில் ஒரேயடியாகத் தடை. நாங்கள் சார்க்கில் இருக்கிறோம், வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டான பிம்ஸ்டெக்கில் இருக்கிறோம், இந்தியாவுடன் தனி ஒப்பந்தமும் வைத்திருக்கிறோம். மூன்றும் சேர்ந்து ஒரு மூட்டை கொண்டுவரவில்லை. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 தொன் தருகிறோம் என்றார்கள். அதே மாதம் வெளிவந்த பட்டியலில் பங்களாதேஷ், பூட்டான் தவிர எங்களோடு யார் இருந்தார்கள் தெரியுமா? பஹ்ரைன், மொரிசியஸ், அமீரகம். அவர்கள் எந்த சார்க்கில் இருக்கிறார்கள்?

எங்கள் பக்கமும் சுத்தமில்லை. நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம் கிண்டும் காலம் வந்தால் இறக்குமதிக்கு விசேட பண்ட வரியைக் கூட்டு என்று இங்கே சத்தம் போடுவோம். அரசாங்கமும் ராவோடு ராவாகக் கூட்டும். அது விவசாயிக்கு நல்லது. எனக்கு, துறைமுகத்தில் கிடக்கிற கொண்டெய்னருக்கு விலை எழுத முடியாத நிலை.

சீனன்குடா மணி

நாநா சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சுங்க வேலைகளோடு நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுங்கத் தீர்வையைக் குறைக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு செஸ், துறைமுக விமானநிலைய வரி, விசேட பண்ட வரி என்று வேறு பெயரில் அதே காசு திரும்பி வரும். இதை எல்லா நாடும் செய்கிறது, இலங்கை கொஞ்சம் கைதேர்ந்தது. சார்க்கின் சுதந்திர வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா 2004இல் கையெழுத்தாகி 2006இல் நடைமுறைக்கு வந்தது. அப்படியிருந்தும் தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம் அவற்றின் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். ஆசியானில் அது இருபதைத் தாண்டும். காரணம் விலக்குப் பட்டியல், அதாவது சலுகை கிடைக்காத பொருட்களின் பட்டியல். நாங்கள் விற்கக்கூடிய சாமானெல்லாம் அடுத்தவனின் விலக்குப் பட்டியலில் இருக்கும். அவன் விற்கக்கூடியது எங்கள் பட்டியலில். இன்னொரு வேடிக்கை: 2011இல் இந்தியா மிகப் பின்தங்கிய நாடுகளுக்கான விலக்குப் பட்டியலை 25 பொருளாகச் சுருக்கியது. பங்களாதேஷ், நேபாளம் அதில் நன்மை எடுத்தன. நாங்கள் அந்த வகுப்பில் இல்லை. ஏழையும் இல்லை, பெரியவனும் இல்லை, நடுவில் மாட்டிக்கொண்ட ஆள்.

இனி இந்திய ஒப்பந்தம். 1998 டிசம்பரில் கையெழுத்து, 2000 மார்ச்சில் நடைமுறை. அப்போது இந்தியாவுக்கு எங்கள் ஏற்றுமதி 60 மில்லியன் டொலருக்கும் குறைவு. ஐந்து வருடத்தில் 500 மில்லியனைத் தாண்டியது. பார்த்தால் பெரிய வெற்றி. உள்ளே பார்த்தால் பெரும் பங்கு வனஸ்பதியும் செம்பும். பாம் எண்ணெய்க்கு இந்தியாவில் வரி அதிகம், இங்கே குறைவு. இந்திய முதலாளிகளே இங்கே வந்து எண்ணெயை இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வை இல்லாமல் அங்கே அனுப்பினார்கள். அங்குள்ள ஆலைக்காரர் கூச்சல் போட, இந்தியா அளவுக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆலைகள் மூடின. தேயிலைக்கு 15 மில்லியன் கிலோ கோட்டா, ஆடைக்கு 8 மில்லியன் உருப்படி கோட்டா, ஆரம்பத்தில் இன்னின்ன துறைமுகத்தால்தான் வரலாம் என்ற நிபந்தனை வேறு.

மிளகு இன்னும் மோசம். வருடத்துக்கு 2,500 தொன் தீர்வையின்றிப் போகலாம். வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் போகிறது என்று கேரளத்து விவசாயிகள் குற்றம் சொன்னார்கள். 2017 டிசம்பரில் இந்தியா கிலோவுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை 500 இந்திய ரூபா என்று போட்டது. மாத்தளைக்காரன் உண்மையாகவே தன் தோட்டத்தில் பறித்த மிளகும் அதே கதவில் நின்றது. சாமான் எங்கே விளைந்தது என்று நிரூபிக்கிற ஒழுங்கு எங்களிடம் பலமாக இருந்திருந்தால் இந்த அடி இவ்வளவு விழுந்திருக்காது.

ஆனால் ஒன்று. இந்தியச் சாமான் ஒப்பந்தத்தால் வந்து குவிந்தது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அது பிழை. நாங்கள் அங்கே அனுப்புவதில் பாதிக்கு மேல் சலுகையைப் பயன்படுத்திப் போகிறது. அங்கிருந்து வருவதில் சலுகையில் வருவது மிகச் சிறிய பங்கு. முச்சக்கர வண்டியும் மருந்தும் சீனியும் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வந்திருக்கும்.

லிங்கநகர் பெடியன்

மணி அண்ணை, அது இரண்டு பேருக்கு இடையிலான ஒப்பந்தம். கூட்டமைப்பு இல்லை. தலைப்பே வேறு.

சீனன்குடா மணி

அதற்காகத்தான் சொன்னேன் தம்பி. இரண்டு பேர் மட்டும், அதில் ஒருவர் யானை. தகராறு வந்தால் போய் முறையிட இடம் இல்லை. கொழும்பிலிருந்து டெல்லிக்கு ஆள் போய்க் கேட்க வேண்டும்.

கரிபியனைப் பாருங்கள். அவர்களின் கூட்டமைப்பான கரிகொம் 1973இல் தொடங்கியது. 2005 முதல் அவர்களுக்கு ஒரு நீதிமன்றம் இருக்கிறது. கூட்டுக்கு வெளியிலிருந்து வந்த சீமெந்துக்கு உறுப்பு நாடுகள் எல்லாம் போட வேண்டிய பொதுத் தீர்வையைக் கயானா நிறுத்திவிட்டது. திரினிடாட் சீமெந்துக் கம்பனி வழக்குப் போட்டது. 2009இல் நீதிமன்றம் கயானா அரசைப் பார்த்துத் தீர்வையைத் திரும்பப் போடு என்றது. 2011இல் யமேக்காப் பெண் ஒருவரை பார்படோஸ் விமான நிலையத்தில் அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். 2013இல் அதே நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. ஒரு சாதாரண ஆள், ஒரு அரசாங்கத்துக்கு எதிராக. சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவு என்ன சொல்கிறது? இருதரப்புப் பிரச்சினையும் சர்ச்சைக்குரிய விஷயமும் பேசக் கூடாது. இந்திய ரோலர் படகுப் பிரச்சினையை அங்கே வாயெடுத்தே சொல்ல முடியாது.

மருந்துச்சீட்டு

கரிபியன் கதை வந்ததால் நானும் ஒன்று சொல்கிறேன். டொலர் நெருக்கடி வந்த 2022இல் மருந்தகத்தில் நின்றவர்களுக்கு இது சுடும். இன்சுலின் இருக்கிறதா என்று கேட்டு வந்த வயோதிபரிடம், கண்ணைப் பார்க்காமல் இல்லை என்று சொன்ன காலம் அது.

கிழக்குக் கரிபியனில் செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா போன்ற தீவுகள் இருக்கின்றன. சிலவற்றின் சனத்தொகை எங்கள் நகரசபை எல்லைக்குள் அடங்கிவிடும். தனியாகப் போய் மருந்து கேட்டால் கம்பனிக்காரன் திரும்பியும் பார்க்க மாட்டான். 1986 முதல் எல்லாத் தீவும் சேர்ந்து ஒரே கேள்விப்பத்திரம் கோருகின்றன. பட்டியல் ஒன்று, தரப்பரிசோதனை ஒன்று, விலை ஒன்று. ஒவ்வொரு தீவும் தனித்தனியாகப் பேரம் பேசிய காலத்தைவிட விலை நன்றாகக் குறைந்தது. அதே தீவுகளுக்கு ஒரே நாணயமும் உண்டு, 1976 முதல் ஒரு அமெரிக்க டொலருக்கு 2.70 என்றே நிற்கிறது.

சார்க்கில் நாங்கள், மாலைதீவு, பூட்டான் மூன்று பேராவது சேர்ந்து மருந்து வாங்கலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டை பிடிப்பது இதற்கு ஏன் தடையாக இருக்க வேண்டும்?

உப்புவெளி டீச்சர்

இதுதான் வேண்டும். ஆனால் பிள்ளைகள் கட்டாயம் கேட்கும் ஒன்று: 1967இல் ஆசியானில் சேர்ந்திருந்தால் இன்று சிங்கப்பூர் ஆகியிருப்போம் என்று வீட்டில் அப்பாமார் சொல்கிறார்களே, அதற்கு என்ன பதில்?

கொட்பே காற்று

1967 முதல் பிலிப்பைன்ஸ் உள்ளே இருக்கிறது. 1997 முதல் லாவோசும் மியன்மாரும் இருக்கின்றன. ஒன்றும் சிங்கப்பூர் ஆகவில்லை. சிங்கப்பூரும் ஆசியானால் சிங்கப்பூர் ஆகவில்லை.

சீனன்குடா மணி

வியட்நாமைப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் 1977இல் பொருளாதாரக் கதவைத் திறந்தோம். அவர்கள் தொடங்கியதே 1986இல். 1995இல் ஆசியானில் சேர்ந்தபோது, இந்த வருடத்துக்குள் இந்தத் தீர்வை குறைய வேண்டும் என்று கையில் ஒரு அட்டவணை கொடுத்தார்கள். உள்ளூரில் எந்த முதலாளி வந்து அழுதாலும், அமைச்சர் அட்டவணையைக் காட்டி “என் கையில் இல்லை” என்று சொல்லலாம். சிறிய நாட்டுக்குக் கூட்டமைப்பு தரும் பெரிய உதவி, என்னைக் கேட்டால், இந்தச் சாட்டுத்தான். எங்கள் ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் வரி மாறும். தொழிற்சாலை போட வருகிறவன் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தை நினைத்தே திரும்பிப் போய்விடுவான்.

ஆர்செப்பிலும் சரக்கு இருக்கிறது. 15 நாடுகள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உள்ளே இருந்தால் சீனத்துணியில் தைத்த சட்டையை யப்பானுக்கு அனுப்பும்போது அந்தத் துணியும் உறுப்பினர் பொருளாகக் கணக்கில் சேரும். வெளியே நின்றால் சேராது. ஆனால் சீனச் சாமானுக்கும் கதவு திறக்க வேண்டும். இந்தியா 2019இல் பயந்து விலகியது இதற்காகத்தான்.

லிங்கநகர் பெடியன்

எல்லாம் சரி. திருகோணமலைக்கு வருவோம். சீனன்குடாவில் பிரித்தானியன் கட்டிய எண்ணெய்க் குதங்கள். 2003இல் இந்திய எண்ணெய்க் கம்பனியின் லங்கா ஐஓசி வந்தது. 2022 ஜனவரியில் பிரித்தார்கள்: இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, ஐஓசிக்கு 14, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61. 2025 ஏப்ரலில் அமீரகத்தையும் சேர்த்து மூவர் உடன்படிக்கை. சம்பூர் மின்நிலையத்துக்கு முதலில் நிலக்கரி, பிறகு சூரிய ஒளி. இதில் ஒன்றாவது பிம்ஸ்டெக் மேசையில் முடிவானதா? பெரியவர்களுக்கு எங்கே கை ஓங்குமோ அங்கேதான் பேசுகிறார்கள். கூட்டமைப்பு படம் எடுக்க.

2022 மார்ச் 30 ஞாபகம் இருக்கிறதா? கொழும்பில் பிம்ஸ்டெக் உச்சி மாநாடு, சாசனத்தில் கையெழுத்து. நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. அடுத்த நாள் இரவு ஜனாதிபதியின் வீடு இருந்த மிரிஹானவில் சனம் வீதிக்கு வந்தது.

மருந்துச்சீட்டு

அதே வருடம் ஜனவரியில் இந்தியா தந்த 400 மில்லியன் டொலர் நாணயப் பரிமாற்றம் சார்க் ஏற்பாட்டின் கீழ்தான் வந்தது. நாடுகளின் வர்த்தகக் கணக்கைத் தீர்க்கும், தெஹ்ரானிலுள்ள ஆசியத் தீர்வு ஒன்றியத்துக்குக் கட்ட வேண்டிய காசையும் தள்ளிப்போட விட்டார்கள். படம் எடுக்க மட்டும் என்று சொல்லாதீர்கள்.

லிங்கநகர் பெடியன்

அக்கா, தந்தது இந்திய மத்திய வங்கி. சார்க் என்பது உறையின் மேல் எழுதியிருந்த பெயர்.

மருந்துச்சீட்டு

உறை தயாராக இருந்ததால்தான் ஜனவரியிலேயே வந்தது. புதிதாக ஒப்பந்தம் எழுதிப் பேரம் பேசி எடுத்திருந்தால் எத்தனை மாதம் போயிருக்கும்?

கொட்பே காற்று

தம்பி சொன்ன குதங்கள் விஷயத்தில் எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அதே காரணத்தால்தான் கூட்டு வேண்டும் என்கிறேன். 2018இல் பிம்ஸ்டெக் நாடுகள் மின்கட்டமைப்பை இணைக்க உடன்படிக்கை செய்தன. அது நிஜமாக நடந்தால் சம்பூர் மின்சாரத்துக்கு வாங்குகிறவர் ஒருவர் அல்ல, பலர். விலை பேசும் இடம் மாறும். ஆனால் சுதந்திர வர்த்தகத்துக்கான சட்டகம் போட்டது 2004இல், இன்னும் முடியவில்லை. அந்த வேகத்தில் போனால் என் பேரன் பார்ப்பான்.

சீனன்குடா மணி

டீச்சர், எதிரணிக்கு இன்னொன்று விட்டுப்போனது. தெற்கு ஆபிரிக்கச் சுங்க ஒன்றியம் 1910இல் தொடங்கியது. லெசோத்தோ, எஸ்வாத்தினி இரண்டும் அந்தப் பொதுத் தீர்வைப் பங்கை நம்பியே வரவுசெலவு போடுகின்றன. உலக நெருக்கடியில் வர்த்தகம் விழுந்ததும் பங்கு விழுந்தது. 2011இல் எஸ்வாத்தினி, அப்போது சுவாசிலாந்து, அரச சம்பளம் கொடுக்கவே திணறியது.

உப்புவெளி டீச்சர்

ஆதரவு அணிக்கு டூனாவும் மருந்தும் கரிபியன் நீதிமன்றமும். எதிரணிக்கு வெங்காயம், மிளகு, சுவாசிலாந்து. எண்ணெய்க் குதங்களை இரண்டு அணியும் கேட்கிறார்கள், சீட்டுக் குலுக்கப் போகிறேன். நாநா, ஒரு நாள் வகுப்புக்கு வந்து அந்த மூட்டைக் கதையைச் சொல்வீர்களா?

கிண்ணியா நாநா

வெள்ளி தவிர எந்த நாளும் வரலாம் டீச்சர். மணி அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். மகன் தேங்காய்த் தும்புச் சாமான் கொஞ்சம் சென்னைக்கு அனுப்பிப் பார்க்கப் போகிறானாம். அந்த இந்திய ஒப்பந்தச் சலுகை எடுக்க எங்கே போக வேண்டும்?

சீனன்குடா மணி

சாமான் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் மூலச் சான்றிதழ் கொழும்பில் வர்த்தகத் திணைக்களத்தில். அதற்கு முதல் சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் குறியீட்டைச் சரியாகப் பிடித்து, இந்தியாவின் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூர் மதிப்புச் சேர்ப்பு குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும், இந்திய மூலப்பொருள் கலந்திருந்தால் எங்கள் பங்கு 25 போதும். தும்பு எங்கள் தும்புதானே, பிரச்சினை இராது. சாயமும் ரப்பர் பாலும் வெளியிலிருந்து எடுத்தால் அதன் பில்லையும் கையில் வைத்திருக்கட்டும். குறியீடு தெரியாமல் கொழும்பு பஸ்ஸில் ஏற விடாதீர்கள்.